இருக்கை யாருடையது? உலக ராலியும் நிறுவனங்களின் கணக்குப் புத்தகமும்

உலக ராலி சாம்பியன்ஷிப் 1973ஆம் ஆண்டு தொடங்கியது. அந்த ஆண்டின் உலக சாம்பியன் யார் என்று கேட்டால் ஒரு மனிதரின் பெயரை விடையாகச் சொல்ல முடியாது. அல்பின் ரெனோ என்ற கார் நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பனியிலும் சரளையிலும் உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவர்களுக்கென்று ஓர் உலகப் பட்டம் 1979இல்தான் வந்தது. சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் வால்டகார்டு அதை முதலில் பெற்றார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓட்டுநர்களுக்கு ஒப்புக்கு ஒரு கோப்பை வழங்கப்பட்டதோடு சரி.

இந்த விளையாட்டு நிறுவனங்களின் வீட்டில் பிறந்த பிள்ளை. ஓட்டுநர் பின்னால் வந்து திண்ணையில் இடம் பிடித்தவர். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் வீட்டின் ஏற்பாடு மாறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நிறுவனங்கள் தத்தம் அடுத்த பருவத் திட்டங்களை அறிவிக்கின்றன. யார் இருப்பார், யார் இருக்க மாட்டார், யார் ஆறு ராலிகளுக்கு மட்டும் வருவார் என்ற பட்டியல் வெளியாகிறது. ரசிகர்கள் அதை வானிலை அறிக்கையைப் படிப்பதுபோல் படித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். மழை பெய்வதற்கு யாரும் பொறுப்பல்லர் என்பதுபோல, ஓர் ஓட்டுநரின் வாழ்க்கை பாதியில் முறிவதற்கும் யாரும் பொறுப்பல்லர் என்ற மனநிலை ஆழமாக வேரூன்றிவிட்டது.

இந்த மனநிலையை வளர்ப்பதில் அறிவிப்புகளின் மொழிக்கும் பங்கு உண்டு. அவற்றைத் தொடர்ந்து படித்து வருபவர் ஒன்றைக் கவனித்திருப்பார். வெற்றியைப் பற்றிய வாக்கியங்களில் எழுவாய் இருக்கும்: நிறுவனம் வென்றது, நிறுவனம் சாதித்தது. நீக்கத்தைப் பற்றிய வாக்கியங்களில் எழுவாய் காணாமற்போய்விடும்: இருவழி ஒப்புதலின் பேரில் பாதைகள் பிரிகின்றன, ஒப்பந்தம் நிறைவடைகிறது, திட்டம் மறுசீரமைக்கப்படுகிறது. பாதைகள் தாமாகப் பிரிவதில்லை. யாரோ ஒருவர் ஒரு கூட்ட அறையில் அமர்ந்து பிரிக்கிறார். தமிழில் செயப்பாட்டுவினை இயல்புக்கு மாறானது என்று இலக்கண ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றனர். இத்தகைய அறிவிப்புகளைத் தமிழில் பெயர்க்க முயல்பவருக்கு அந்தக் கூற்றின் பொருள் உடனே விளங்கிவிடும். ‘யார் நீக்கினார்?’ என்ற கேள்வியை எழுப்பாமல் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதி முடிப்பது கடினம்.

அந்த எழுவாயைத் தேடிப் போனால் கிடைப்பவை சில வரலாறுகள்.

ஃபோக்ஸ்வாகன் 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகளும் ஓட்டுநர் பட்டத்தையும் உற்பத்தியாளர் பட்டத்தையும் சேர்த்தே வென்றது. 2017ஆம் ஆண்டின் புதிய விதிகளுக்காக ஒரு காரைக் கட்டிச் சோதனையும் நடத்திக்கொண்டிருந்தது. 2015 செப்டம்பரில் டீசல் எஞ்சின் புகை அளவு மோசடி அம்பலமானது. ஓராண்டு கழித்து, 2016 நவம்பரில், நிறுவனம் ராலியை விட்டு விலகுவதாக அறிவித்தது. புகை அளவில் பொய் சொன்னவர்கள் எஞ்சின் மென்பொருளோடு தொடர்புடையவர்கள். ராலி அணிக்கும் அந்தப் பொய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆயினும் நிறுவனத்தின் முகத்தைக் கழுவ வேண்டியிருந்தது, பணத்தை மின்சாரக் கார்களுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அணி கலைந்தது. புதிய கார் ஓர் உலக ராலியில்கூட ஓடவில்லை. அந்த அணியின் கடைசிப் போட்டியான ஆஸ்திரேலிய ராலியை வென்றவர் நார்வேயின் ஆண்ட்ரியாஸ் மிக்கெல்சன். வென்ற கையோடு அவர் வேலையற்றவரானார். 2017 மாண்டி கார்லோவில் அவர் இரண்டாம் வகுப்புக் காரில் ஓடினார். உலகின் மிகப் பெரிய அணிக்காக வெற்றி பெற்று இரண்டு மாதங்களில் ஒருவர் அங்கே வந்து நிற்கிறார் என்றால், அதில் அவருடைய ஓட்டும் திறனுக்குப் பங்கு ஏதும் இல்லை.

2008 டிசம்பரிலும் இதே கதைதான் நடந்தது. உலக நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி சுசுகியும் சுபாருவும் ஒரே வாரத்தில் விலகின. 2003இல் சுபாருவுக்காக உலக சாம்பியனான பெட்டர் சோல்பெர்க் நடுத்தெருவில் நின்றார். அவர் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு பழைய சிட்ரோயன் சாரா காரை எடுத்துத் தம் பெயரிலேயே ஒரு சிறு அணியை அமைத்து 2009இல் ஓடினார். முன்னாள் உலக சாம்பியன் ஒருவர் பழைய காரோடு தெருவோர வியாபாரிபோல் கடை விரிக்க வேண்டியிருந்ததை அன்றைய ஊடகங்கள் ‘தன்னம்பிக்கைக் கதை’யாகக் கொண்டாடின. அது ஓர் ஏற்பாட்டின் தோல்வி என்று எழுதியோர் மிகச் சிலரே.

அவருடைய மகனின் கதை இன்னும் கசப்பானது. ஆலிவர் சோல்பெர்க் 2022இல் ஹூண்டாய் அணியில் மூன்றாவது காரை ஸ்பெயினின் டானி சோர்டோவோடு பங்கிட்டுக்கொண்டார். பங்கிட்டுக்கொள்வது என்றால் என்ன? ஒரு ராலி ஓடலாம், அடுத்ததை வீட்டிலிருந்து பார்க்கலாம். கற்றுக்கொள்ளத் தொடர்ச்சி வேண்டும்; பங்கு இருக்கையில் தொடர்ச்சி இருப்பதில்லை. பின்லாந்தில் தொடக்கத்திலேயே விபத்தில் சிக்கினார். அடுத்து பெல்ஜியத்தில் நான்காவதாக வந்தார். ஆண்டு முடிவதற்குள் அவருக்கு இடமில்லை என்று தெரிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 21. மூன்று ஆண்டுகள் இரண்டாம் வகுப்பில் உழைத்தார். 2025 ஜூலையில் எஸ்தோனியாவில் டொயோட்டா ஒரே ஒரு ராலிக்காக அவருக்குத் தன் உயர் வகுப்புக் காரைக் கொடுத்தது. அந்தக் காரில் அவர் ஓடிய முதல் ராலி அது. அதை வென்றார். 2026க்கு முழுப் பருவ இடமும் கிடைத்தது.

இதைச் சொன்னவுடன் ஒரு தரப்பினர் குதித்து எழுவர்: பார்த்தீர்களா, திறமை இருந்தால் வழி திறக்கும்! இதைவிடப் பொல்லாத வாதம் இல்லை. 2022இல் இருந்த திறமைதான் 2025இலும் இருந்தது. இடையில் கடந்த மூன்று ஆண்டுகளில் அவரைத் தாங்கியது ராலி உலகில் ஊறிய ஒரு குடும்பம், முன்னாள் உலக சாம்பியனான தந்தை, அந்தப் பெயரால் திறக்கும் கதவுகள். அத்தகைய பின்புலம் இல்லாத இன்னொரு 21 வயது இளைஞர் அதே ஆண்டு நீக்கப்பட்டிருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் நினைவில் இருந்திராது. பல்கலைக்கழக வளாகங்களில் இந்த வாதம் நன்கு பழகிய வாதம். திட்ட நிதி நின்றவுடன் வெளியேற்றப்பட்ட ஆய்வு உதவியாளர்களில் ஒருவர் எப்படியோ பேராசிரியராகிவிடுவார். அவரைச் சுட்டிக்காட்டி மற்ற ஒன்பது பேரின் வாயை அடைப்பார்கள்.

அடைபட்ட வாய்களில் ஒன்று நியூசிலாந்தின் ஹேடன் பேடனுடையது. 2016 அர்ஜென்டினா ராலியில் ஓஜியேவை நேருக்கு நேர் தோற்கடித்து ஹூண்டாய்க்காக வென்றவர் அவர். 2018 இறுதியில் ஹூண்டாய் செபாஸ்டியன் லோபை அடுத்த பருவத்தில் ஆறு ராலிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. ஒன்பது முறை உலக சாம்பியனான லோபின் பெயர் விளம்பரத்துக்கு எவ்வளவு உதவும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பேடனுக்கு இடம் இல்லாமற்போனது. 2019இல் பின்லாந்து ராலிக்கு எம்-ஸ்போர்ட் அணியில் ஒரு வாய்ப்புக் கிடைத்து, ராலிக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில் கார் விபத்துக்குள்ளாகி அதுவும் கைநழுவியது. பிறகு அவர் ஐரோப்பிய ராலி சாம்பியனானார். 2026 பருவத்துக்கு ஹூண்டாய் அறிவித்த பட்டியலில், சோர்டோவுடனும் எசபெக்கா லப்பியுடனும் மூன்றாவது காரைப் பங்கிட்டுக்கொள்பவராக அதே பேடனின் பெயர் இருக்கிறது. ஓர் ஓட்டுநரின் மிகச் சிறந்த ஆண்டுகளை வெளியே கழிக்க விட்டுவிட்டு, முப்பதுகளின் இறுதியில் பகுதிநேர இருக்கை ஒன்றைத் தருவதற்கு நிறுவனங்களின் அகராதியில் ‘அனுபவத்துக்கு மதிப்பளித்தல்’ என்று பெயர்.

மேலே வந்த லப்பிக்கும் ஒரு கதை உண்டு. 2019 நவம்பரில் சிட்ரோயன் விலகியபோது சொன்ன காரணம் விசித்திரமானது. ஓஜியே அணியை விட்டுச் செல்கிறார், 2020க்கு முதல்தர ஓட்டுநர் யாரும் கிடைக்கவில்லை, ஆகவே திட்டத்தை நிறுத்துகிறோம் என்றது நிறுவனம். முதன்முறையாக ஓர் ஓட்டுநர் எழுவாயானார், அதுவும் பழியைச் சுமப்பதற்காக! அந்த அணியின் இரண்டாவது காரில் லப்பி இருந்தார். அடுத்த ஆண்டும் ஓடலாம் என்று எண்ணியிருந்த அவரை இந்த அறிவிப்பு ‘முதல்தரம் அல்லாதவர்’ என்று போகிறபோக்கில் முத்திரை குத்திவிட்டுப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், போர்ச்சுகல் விபத்துக்குப் பிறகு பருவத்தின் நடுவிலேயே கிரிஸ் மீக்கை வெளியேற்றியதும் இதே நிறுவனம்தான். 2016இல் பின்லாந்து ராலியை வென்ற முதல் பிரிட்டிஷ் ஓட்டுநர் அவர். கையிலிருந்த ஓட்டுநரைத் துரத்திவிட்டு ஓட்டுநர் பஞ்சம் என்று புலம்புவதை என்னவென்று சொல்வது?

இங்கே எழும் எதிர்வாதம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் எளிமையானது: பணம் போடுபவர் அவர்கள், யாரை உட்கார வைப்பது என்பது அவர்கள் உரிமை. கால்பந்துக் கழகம் ஆட்டக்காரரை விற்பதில்லையா?

முதலாவது, பணம் முழுவதும் அவர்களுடையதன்று. ராலி என்பது மதில் சூழ்ந்த தனியார் மைதானத்தில் நடப்பதன்று. அது ஊர்ச் சாலைகளில் நடக்கிறது. காட்டுப் பாதைகளில் நடக்கிறது. அந்தச் சாலைகளைப் பொதுமக்கள் நாள்கணக்கில் விட்டுக்கொடுக்கின்றனர். ஒவ்வொரு திருப்பத்திலும் கொடி பிடித்து நிற்பவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். 2002க்குப் பின் உலகப் பட்டியலிலிருந்து விழுந்த சஃபாரி ராலி 2021இல் திரும்பி வந்தது என்றால் அதற்குக் கென்ய அரசின் நிதியும் முனைப்புமே காரணம். நைவாஷா ஏரிக்கரைப் புழுதியில் ஓடும் ஒவ்வொரு காரிலும் கென்ய வரிசெலுத்துவோரின் பங்கு இருக்கிறது. பொதுச் சாலையில், பொதுப் பணத்தில், ‘உலகம்’ என்ற சொல்லைப் பெயரில் தாங்கி நடக்கும் ஒன்றைத் தனியார் சொத்து என்று அழைக்க முடியாது.

இரண்டாவது, கால்பந்து ஒப்புமை செல்லாது. ஓர் ஆட்டக்காரரை ஒரு கழகம் விடுவித்தால் நூறு கழகங்கள் இருக்கின்றன. உலக ராலியின் உயர் வகுப்பில் சில ஆண்டுகளாக மூன்றே அணிகள்: டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு கார்களை ஓட்டும் எம்-ஸ்போர்ட். இவற்றில் மூன்றாவது, நிறுவனமே அன்று. இங்கிலாந்தின் கம்பிரியாவில் மால்கம் வில்சன் கட்டியெழுப்பிய தனியார் பட்டறை. வாய்ப்பளிக்கும் மனமிருந்தும் பணமில்லாத அந்த அணியில், ஆதரவு நிதியோடு வரும் இளைஞர்களுக்கே பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. ஆக, ஊதியம் தரும் இருக்கைகள் உலகம் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணும் அளவே. இரண்டே இரண்டு முதலாளிகள் உள்ள சந்தையில் ‘ஒப்பந்த சுதந்திரம்’ பற்றிப் பேசுவது பொருளாதார மாணவருக்கே சிரிப்பை வரவழைக்கும்.

நிறுவனத்தின் திட்டம் ஒரு பட்டத்தின் பொருளையே எப்படி மாற்றிவிடுகிறது என்பதற்கு 2025 நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு ஓஜியே தம் ஒன்பதாவது பட்டத்தை வென்று லோபின் சாதனையைச் சமன் செய்தார். மொத்தம் 14 ராலிகள்; அவர் ஓடியவை 11. அதே டொயோட்டா அணியில் 14 ராலிகளிலும் ஓடிய வேல்ஸ் நாட்டின் எல்ஃபின் எவான்ஸ் நான்கு புள்ளிகளில் பட்டத்தை இழந்தார். இது அவருக்கு ஐந்தாவது இரண்டாமிடம்.

மூன்று ராலிகளைத் தவறவிட்டவர் வென்றது அவருடைய மேதைமையைக் காட்டுகிறது என்று பலர் எழுதினர். மேதைமையில் ஐயமில்லை. ஆனால் ராலியின் விதி ஒன்றை அறிந்தவர்கள் இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் கார்கள் புறப்படும் வரிசை சாம்பியன்ஷிப் புள்ளி வரிசைப்படி அமைகிறது. சரளைப் பாதையில் முதலில் செல்லும் கார் மேலே கிடக்கும் உதிரிக் கற்களையும் மண்ணையும் துடைப்பம்போல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருபவருக்குப் பிடிப்பு மிகுந்த தரை கிடைக்கும். ஒவ்வொரு ராலியிலும் புள்ளி சேர்த்து முன்னணியில் நிற்பவர் துடைப்பக்காரர் ஆகிறார்; சில ராலிகளைத் தவறவிட்டுப் புள்ளியில் பின்தங்கியவர் பெருக்கிய பாதையில் வருகிறார். ஓர் அணி இந்த இரு வகையினரையும் வைத்திருந்தால், ஒருவர் முழுப் பருவமும் புள்ளிகளைத் திரட்டுவார், மற்றவர் நல்ல பாதையில் வெற்றிகளைத் திரட்டுவார். உற்பத்தியாளர் பட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. 2024இலும் இதுவே நடந்தது. பகுதிநேரமாக ஏழு ராலிகளில் மட்டும் ஓடிய காலே ரோவன்பெரா நான்கை வென்றார். அந்த ஆண்டு டொயோட்டா உற்பத்தியாளர் பட்டத்தை மூன்றே புள்ளிகளில் கைப்பற்றியது. ஓட்டுநர் பட்டம் ஹூண்டாயின் தியரி நூவிலுக்குப் போனது. அவரும் அதற்குமுன் ஐந்து முறை இரண்டாமிடம் பெற்றவர்.

இதில் ஓஜியே மீதோ ரோவன்பெரா மீதோ குற்றம் சொல்ல எதுவும் இல்லை. குடும்பத்தோடு இருக்க விரும்புவதும் களைப்பை ஒப்புக்கொள்வதும் மனித இயல்பு. 22 வயதும் ஒரு நாளும் ஆனபோது உலக சாம்பியனான ரோவன்பெரா, 2025 முடிவில் ராலியையே விட்டுவிட்டு வட்டப்பாதைப் பந்தயங்களுக்குப் போனார். அங்கும் டொயோட்டாவின் ஆதரவோடுதான் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வி வேறு. பகுதிநேர ஓட்டம் என்னும் வசதி ஒரு பட்டத்தையாவது வென்று பேரம் பேசும் வலிமை பெற்றவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. எவான்ஸ் தமக்கு மூன்று ராலிகள் ஓய்வு வேண்டும் என்று கேட்டால் அந்த இருக்கை மறுநாள் வேறொருவருடையதாகிவிடும்.

அணியின் கட்டளை ஓட்டுநரின் பட்டத்தில் கைவைப்பது புதிதன்று. 1995 கட்டலூனியா ராலியில் சுபாரு அணியின் மூன்று கார்கள் முன்னணியில் இருந்தன. சொந்த நாட்டில் ஓடிய கார்லோஸ் சைன்ஸை முந்திச் சென்ற காலின் மெக்ரேவுக்கு வேகத்தைக் குறைக்குமாறு அணித் தலைவர் டேவிட் ரிச்சர்ட்ஸ் கட்டளையிட்டார். மெக்ரே கொதித்தார்; கடைசியில் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு வேண்டுமென்றே தாமதமாக வந்து, தண்டனை நேரத்தை ஏற்று வெற்றியை விட்டுக்கொடுத்தார். இருவரும் சமப் புள்ளிகளுடன் பிரிட்டனில் நடந்த இறுதி ராலிக்குப் போனார்கள். மெக்ரே அதை வென்று சாம்பியனானார். சைன்ஸ் வேறு அணிக்குப் போய்விட்டார். 2011 ஜெர்மனியில் சிட்ரோயன், லோபுக்குப் பின்னால் நிற்குமாறு ஓஜியேவுக்குச் சொன்னது. லோபின் டயர் வெடித்தது, ஓஜியே வென்றார், ஆண்டு முடிவில் அணியிலிருந்து வெளியேறினார். இன்று பகுதிநேர இருக்கைகள் மூலம் நடக்கும் தலையீட்டுக்கு வானொலிக் கட்டளை எதுவும் தேவைப்படுவதில்லை. நாட்காட்டியே கட்டளையாகிவிட்டது.

யாருக்கு இருக்கை கிடைக்கிறது என்ற கேள்வியின் மறுபக்கம், யாருக்குக் கிடைத்ததே இல்லை என்பது. 1982இல் ஔடி அணியில் மிஷேல் மூடோன் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் ஆகிய மூன்று ராலிகளை வென்று, வால்டர் ரோலுக்கு அடுத்து உலக அளவில் இரண்டாமிடம் பெற்றார். அதற்குப் பிறகு எந்தப் பெண் ஓட்டுநரும் ஓர் உலக ராலியை வெல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெண்களால் முடியாது என்று சொல்ல மூடோன் இடம் வைக்கவில்லை. முடியும் என்று நிறுவப்பட்ட பின்னரும் எந்த நிறுவனமும் வெல்லக்கூடிய காரில் ஒரு பெண்ணை முழுப் பருவமும் உட்காரவைக்கவில்லை என்பதே நடந்தது.

சந்தைக்கும் இருக்கைக்கும் உள்ள தொடர்பும் வேடிக்கையானது. ஹூண்டாய் ராலி காரின் பெயர் ஐ20. அதே பெயருள்ள சாலைக் கார் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் தயாராகிறது. அதே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மோட்டார் பந்தயத் தடமும் இருக்கிறது. ஆசிய பசிபிக் ராலி சாம்பியன்ஷிப்பை மூன்று முறை வென்று 2019இல் அர்ஜுனா விருது பெற்ற கௌரவ் கில்லைப் போன்ற ஓட்டுநர் இந்த நாட்டில் இருந்திருக்கிறார். ஆனாலும் உலக ராலியின் உயர் வகுப்பில் தொழிற்சாலை அணியின் இருக்கை இந்தியர் எவருக்கும் இதுவரை கிடைத்ததில்லை. கார் செய்ய இந்தியக் கைகள் வேண்டும், கார் வாங்க இந்தியப் பைகள் வேண்டும். இருக்கை என்று வரும்போது மட்டும் ‘ஐரோப்பிய அனுபவம்’ வேண்டும்.

ஓட்டுநர்கள் ஏன் கூடிக் குரல் கொடுப்பதில்லை? கொடுத்திருக்கிறார்கள், இரண்டு முறை. முதலாவது 1986இல். போர்ச்சுகல் ராலியில் கட்டுக்கடங்காத கூட்டத்துக்குள் ஒரு கார் பாய்ந்து பார்வையாளர்கள் உயிரிழந்தனர். தொழிற்சாலை அணிகளின் ஓட்டுநர்கள் அன்று ஒரு விடுதியில் கூடி, இதற்கு மேல் ஓட மாட்டோம் என்று கையெழுத்திட்ட அறிக்கையை வெளியிட்டு விலகினர். நிர்வாகிகளுக்கு அது ரசிக்கவில்லை. இரண்டு மாதங்களுக்குள், மே 2ஆம் தேதி, கோர்சிகாவில் ஹென்றி டொய்வொனனும் இணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் லான்சியா காரில் எரிந்து மாண்டனர். அதன் பின்னரே அந்த அசுர ஆற்றல் கொண்ட குரூப் பி கார்கள் தடை செய்யப்பட்டன.

இரண்டாவது 2025இல். சுவீடன் ராலி முடிவில் பேட்டியில் ஒரு வசைச் சொல்லைப் பயன்படுத்தியதற்காக அட்ரியன் ஃபூர்மோவுக்கு எஃப்.ஐ.ஏ. 10,000 யூரோ அபராதம் விதித்தது. மேலும் 20,000 யூரோவை நிறுத்திவைத்தது. ஓட்டுநர்களும் இணை ஓட்டுநர்களும் ஓர் அமைப்பாகத் திரண்டனர். சஃபாரி ராலியில் ஸ்டேஜ் முடிவில் ஒலிவாங்கி நீட்டப்பட்டபோது சிலர் மௌனம் காத்தனர். சிலர் தத்தம் தாய்மொழியில் மட்டும் பேசினர். ஆங்கிலத்தை நம்பி இயங்கும் நேரலை திகைத்து நின்றது. மொழியையே வேலைநிறுத்தக் கருவியாக்கிய அருமையான போராட்டம் அது. அந்த ராலி முடிவதற்குள் எஃப்.ஐ.ஏ. பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. பேட்டி மேடையில் சொன்ன சொல்லையும் போட்டிக் களத்தின் கொதிப்பில் வாய்தவறி வந்த சொல்லையும் வேறுபடுத்திப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டது.

ஆக, ஒன்றுகூட முடிகிறது. கூடினால் பலன் கிடைக்கிறது. ஆனால் ஒரு வசைச் சொல்லுக்காகத் திரண்ட அதே கூட்டம் மிக்கெல்சனுக்காகவோ பேடனுக்காகவோ லப்பிக்காகவோ திரண்டதில்லை. காரணம் வெளிப்படை. அபராதம் விதித்தது எஃப்.ஐ.ஏ.; இருக்கை தருவது நிறுவனம். சக ஓட்டுநர் இழக்கும் இருக்கை தனக்கு வரலாம் என்ற கணக்கு ஒவ்வொரு தலைக்கவசத்துக்குள்ளும் ஓடுகிறது.

2027இல் புதிய விதிகள் வருகின்றன. காரின் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு; இப்போதைய காரின் விலையில் இது பாதிக்கும் குறைவு. குழாய்ச் சட்டகத்தின் மேல் எந்த வடிவ உடலையும் பொருத்தலாம். பெரிய நிறுவனம் அல்லாத தனிப் பட்டறைகளும் கார் கட்டிப் போட்டியில் நுழையலாம். 2022இல் பெரும் ஆரவாரத்தோடு நுழைந்த ஹைபிரிட் கருவி 2025க்குள் கழற்றி வீசப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த எளிமை ஆறுதலளிக்கும். தனிப் பட்டறைகள் வருவது உண்மையிலேயே நல்ல செய்தி. 2017இல் ஓஜியேவும் எம்-ஸ்போர்ட்டும் சேர்ந்து இரண்டு பட்டங்களையும் வென்றபோது, ஒரு பட்டறையால் தொழிற்சாலைகளைத் தோற்கடிக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

ஆனால் இந்த விதிகளில் பேசப்படுவது எல்லாம் காரைப் பற்றியே. சட்டகத்தின் தடிமனுக்கு வரம்பு வைக்கும் அமைப்பு, பருவத்தின் நடுவில் ஓட்டுநரை வெளியேற்றுவதற்கு ஏன் ஒரு வரம்பு வைக்கக் கூடாது? உற்பத்தியாளர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கேனும் களத்தில் இருக்க உறுதியளிக்க வேண்டும். இடையில் விலகினால் ஓட்டுநருக்கும் இணை ஓட்டுநருக்கும் அந்தப் பருவத்தின் ஊதியத்தையும், கட்டி முடித்த கார்களை வேறோர் அணி ஓட்டும் உரிமையையும் விட்டுச்செல்ல வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? மூன்றாவது காரை மூவர் பங்கிடுவதற்குப் பதிலாக, 25 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு முழுப் பருவமும் கொடுத்தால் கூடுதல் புள்ளி என்று விதி செய்ய எந்தப் பொறியியல் தடையும் இல்லை. ஹூண்டாய் குழுமம் தன் ஜெனிசிஸ் பெயரில் நெடுந்தூரப் பந்தயத்துக்குச் செல்லும்போது, ராலி எஞ்சினை அடிப்படையாகக் கொண்டே அதற்கான வி8 எஞ்சினை உருவாக்கிக்கொண்டது. ராலியில் கற்ற தொழில்நுட்பத்தை வேறு களத்துக்கு எடுத்துச்செல்ல நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. ராலியில் கற்ற ஓட்டுநருக்கு அப்படியொரு வழியை யாரும் வரைந்து வைக்கவில்லை.

இணை ஓட்டுநர்களைப் பற்றி இங்கே இவ்வளவு குறைவாகச் சொல்லப்பட்டதும் தற்செயலன்று. திட்ட அறிவிப்புகளில் அவர்கள் பெயர் இரண்டாம் பத்தியில் வரும், சில நேரம் வராமலே போகும். கிரெஸ்டோவின் பெயர் டொய்வொனனின் பெயருக்குப் பின்னால் வருவதுபோல. ஓட்டுநரை நீக்கும் ஒவ்வோர் அறிவிப்பும் இரண்டு பேரை நீக்குகிறது. புதிய விதிகள் எழுதப்படும் மேசையில் முதலில் வைக்க வேண்டிய திருத்தம் இது: நிறுவனம் பதிவு செய்யும் ஒவ்வொரு காருக்கும் எதிரே இரண்டு பெயர்கள், இரண்டு ஒப்பந்தங்கள், இரண்டுக்கும் ஒரே காலவரை.